கல்கத்தா பல்கலைக்கழகம்: பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

#1 கொல்லிமலை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் வினாடி வினா நடத்துகிறோம். பல்கலைக்கழகங்கள் பற்றிய சுற்று என் தலையில் விழுந்திருக்கிறது. 1857இல் தொடங்கிய மூன்றில் மூத்தது கல்கத்தா. ஜனவரி 24இல் சட்டம் வந்தது. பம்பாய் ஜூலையில், நம் சென்னை செப்டம்பரில். அதனால் கல்கத்தாவிலிருந்தே தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கிடைத்த பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மாணவர்கள் என்று பங்கிம் சந்திரர், விவேகானந்தர், ராஜேந்திர பிரசாத், நேதாஜி, சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாகா, அமர்த்தியா சென், அபிஜித் பானர்ஜி, வங்கதேசத்தின் முஜிபுர் ரகுமான் வரை போகிறது. ஆசிரியர்கள் என்று பிரபுல்ல சந்திர ராய், சி.வி. ராமன், ராதாகிருஷ்ணன். சில பட்டியல்களில் தாகூர். ஒன்றில் மலேரியா ரொனால்ட் ராஸ்கூட இருக்கிறார்!

என் குழப்பம் இதுதான். ராமன் படித்தது சென்னை மாநிலக் கல்லூரி. ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சென்னும் பானர்ஜியும் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. அது 2010இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். தாகூர் எந்தப் பட்டமும் படித்து வாங்கவில்லை. போட்டி அன்று யாராவது எழுந்து நின்று ஆட்சேபம் சொன்னால் என்ன பதில் சொல்வது? எதை வைத்து "இவர் இந்தப் பல்கலைக்கழகத்து ஆள்" என்று முடிவு செய்கிறார்கள்?

#2 பழையதாள்

நல்ல கேள்வி. முதலில் ஒரு விஷயம் தெளிவானால் பாதிக் குழப்பம் தீரும். 1857இல் ஆரம்பித்தது இன்று நாம் நினைக்கும் பல்கலைக்கழகம் இல்லை. 1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையை ஒட்டி, அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்த ஒரு தேர்வு அலுவலகம், அவ்வளவுதான். பாடத்திட்டம் போடும், வினாத்தாள் அடிக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்படித்தான் ஓடியது.

ஆகவே அந்தக் காலத்து "கல்கத்தா பல்கலைக்கழக மாணவர்" என்றால் அதன் தேர்வை எழுதியவர் என்று பொருள். லாகூரிலிருந்து ரங்கூன் வரை அதன் எல்லை. 1882இல் பஞ்சாப், 1887இல் அலகாபாத், 1917இல் பாட்னா, 1920இல் ரங்கூன், 1921இல் டாக்கா என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. பீகாரில் சாப்ராவில் படித்த ராஜேந்திர பிரசாத் 1902இல் நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றார் என்றால், அது இத்தனை பெரிய எல்லைக்குள் பெற்ற முதலிடம். அவ்வளவு பெரிய வலை வீசினால் பெரிய மீன்கள் சிக்காமல் இருக்குமா? பட்டியல் நீளமாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. முதல் பி.ஏ. தேர்வு 1858இல் நடந்தது. எழுதியவர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். தேறியவர்கள் இருவர்: பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர், ஜதுநாத் போஸ். அந்த இருவரும்கூட ஒரு பாடத்தில் குறைந்துபோய், கருணை மதிப்பெண் போட்டுத்தான் இரண்டாம் வகுப்பில் தேற்றினார்கள். 'வந்தே மாதரம்' எழுதியவருக்கே கருணை மதிப்பெண்! இதைக் கட்டாயம் கேள்வியாக வையுங்கள், பையன்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

#3 வட்டுக்கோட்டையான்

//லாகூரிலிருந்து ரங்கூன் வரை//

தெற்கே யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கோ அண்ணை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எங்கட யாழ்ப்பாணக் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு கல்கத்தாச் சோதனைக்குப் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அதற்கு முந்தி சென்னையோடும் எங்களுக்குத் தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள்தான். கல்கத்தாவின் முதல் இருவரில் ஒருவர் நாவலாசிரியர் ஆனார். சென்னையின் முதல் இருவரில் ஒருவர் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சில் ஏற்றினார். இந்தச் சோடியையும் ஒரு கேள்வியாக்கலாம்.

#4 வைகைக்கரை

எல்லாம் சரி, ராமன் விஷயத்துக்கு வாருங்கள். அவர் திருச்சிக்காரர், படித்தது சென்னை, பி.ஏ. 1904, எம்.ஏ. 1907, இரண்டிலும் முதலிடம். மூளையை உருவாக்கியது ஓர் ஊர், பெயரைத் தட்டிக்கொண்டு போவது இன்னோர் ஊரா? மன்னிக்கவும், எனக்கு இது ஒப்பவில்லை.

#5 ஹௌரா_மெயில்

வைகைக்கரை சார், பல வருடங்களாகக் கல்கத்தாவில் குப்பை கொட்டுகிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எம்.ஏ. முடித்த ராமனுக்கு சென்னை என்ன வேலை கொடுத்தது? ஒன்றுமில்லை. அன்று விஞ்ஞானம் படித்த இந்தியனுக்கு ஆராய்ச்சி வேலை என்று ஒன்று கிடையாது. நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907இல் உதவி தலைமைக் கணக்கராகக் கல்கத்தாவுக்கு வந்தார். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையும் மாலையும் பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சோதனை. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் நன்கொடை திரட்டித் தொடங்கி, ஆளில்லாமல் கிடந்த இடம் அது. இப்படியே பத்து வருடம் ஓடியது.

இந்தக் கதையில் பட்டியல்காரர்கள் எழுத மறந்துபோகும் ஓர் ஆள் இருக்கிறார்: அசுதோஷ் முகர்ஜி. கணிதம் படித்தவர், உயர் நீதிமன்ற நீதிபதி, 1906 முதல் 1914 வரையிலும் பிறகு 1921 முதல் 1923 வரையிலும் துணைவேந்தர். அன்று துணைவேந்தர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. பகலில் கோர்ட், மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகம். இந்தத் தேர்வு அலுவலகத்தைப் பாடம் நடத்தும், ஆராய்ச்சி செய்யும் இடமாக மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. அரசாங்கம் பணம் தரத் தயாராக இல்லை. அப்போது இரண்டு வக்கீல்கள் முன்வந்தார்கள். தாரக்நாத் பாலித் தன் நிலத்தையும் பணத்தையும் எழுதிக் கொடுத்தார். ராஷ்பிஹாரி கோஷ் 1913இல் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1913இன் 10 லட்சம் என்றால் யோசித்துப் பாருங்கள். இரண்டு நன்கொடைக்கும் ஒரு நிபந்தனை: இந்தப் பணத்தில் அமரும் பேராசிரியர்கள் இந்தியர்களாக இருக்க வேண்டும்.

இந்தப் பத்திர வாசகம்தான் எனக்கு மொத்தக் கதையிலும் முக்கியம். அரசுக் கல்லூரிகளில் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கு. ஜகதீச சந்திர போஸ் முதலில் குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்துப் போராடியதெல்லாம் அதனால்தான். அந்தக் கதவை இரண்டு வக்கீல்கள் பத்திரம் எழுதியே திறந்தார்கள். 1914இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். வேதியியலுக்கு முதல் பாலித் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய், இயற்பியலுக்கு ராமன்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பேராசிரியர் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்று ஒரு விதி. ராமன் போக மாட்டேன் என்றார். அசுதோஷ் விதியைத் தளர்த்தினார், ஆளை விடவில்லை. 1917இல் ராமன் நிதித்துறையை விட்டு வந்தபோது சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் போய், கப்பலில் திரும்பும்போதுதான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியின் நூலிழைதான் 1928 பிப்ரவரி 28இல் 'ராமன் விளைவு' கண்டுபிடிப்பில் போய் முடிந்தது.

இப்போது சொல்லுங்கள், எந்த ஊர்க்காரர் என்று.

#6 வைகைக்கரை

//ஆளை விடவில்லை//

நன்றாகச் சொன்னீர்கள், அசுதோஷ் பெரிய மனிதர்தான். ஆனால் நீங்களே எழுதியபடி, ராமன் சோதனை செய்த இடம் பல்கலைக்கழகம் இல்லையே? பௌபஜார் தெருக் கழகம் தனி அமைப்பு. சம்பளம் ஓர் இடத்தில், கண்டுபிடிப்பு இன்னோர் இடத்தில். அப்படியானால் நோபல் யார் கணக்கில்?

அப்புறம், கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பெயரை யாருமே எடுக்கவில்லை. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பிறகு 1920இல் கல்கத்தா. அந்த 1928 சோதனைகளில் ராமனோடு கூடவே நின்றவர். 'நேச்சர்' இதழில் மார்ச் 31இல் வந்த குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. பரிசு ஒருவருக்குப் போனது. பட்டியல்களும் ஒருவரைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. கிருஷ்ணன் பிறகு டாக்கா, மறுபடி கல்கத்தா, அலகாபாத் என்று போய், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

#7 ஹௌரா_மெயில்

கிருஷ்ணனைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். அவரைத் தனிக் கேள்வியாகவே வைக்க வேண்டும்.

நோபல் கணக்கைப் பற்றி: இரண்டு இடமும் ஒருவரைத்தான் நம்பின. கழகத்தில் கருவியும் அறையும் இருந்தன, பல்கலைக்கழகம் சம்பளமும் மாணவர்களும் கொடுத்தது. பாலித் பேராசிரியர் என்ற நாற்காலி இல்லாவிட்டால் ராமன் இன்னும் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். நான் வினாடி வினா நடத்தினால் "கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது நோபல் பெற்றவர்" என்று எழுதுவேன். அது சுத்தமான உண்மை, யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது.

#8 கணக்குப்புலி

இதற்குள் போஸ்-சாகா கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1915 எம்.எஸ்சி. கலப்புக் கணிதம்: முதலிடம் சத்யேந்திரநாத் போஸ், இரண்டாமிடம் மேக்நாத் சாகா. இருவரும் பிரசிடென்சியில் ஒரே வகுப்பு. சாகா டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்காரரின் மகன். விடுதியில் சாதியின் பெயரால் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தவர். 1916இல் அசுதோஷ் இருவரையும் புதிய அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாகப் போட்டார். நவீன இயற்பியல் நடத்துங்கள் என்றார். நடத்துவதற்கு முன் அவர்களே அதைப் படிக்க வேண்டும், படிக்கப் புத்தகம் வேண்டும். அது முதல் உலகப் போர்க் காலம், ஜெர்மன் புத்தகம் எங்கே கிடைக்கும்?

சிப்பூர் பொறியியல் கல்லூரியில் புரூல் என்ற ஐரோப்பியப் பேராசிரியரின் வீட்டில் கிடைத்தது. அவரிடம் இரவல் வாங்கி, ஜெர்மன் கற்றுக்கொண்டு, படித்து, அதையே வகுப்பில் நடத்தினார்கள். தேவேந்திர மோகன் போஸ் என்ற இன்னொருவர் ராஷ்பிஹாரி கோஷ் உதவித்தொகையில் பெர்லினுக்குப் போய், போர் மூண்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டு, 1919இல்தான் திரும்பினார். வரும்போது ஜெர்மன் இயற்பியலாளர் பிளாங்கின் புத்தகங்களோடு வந்தார். 1920இல் ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி இருவரின் சார்பியல் கட்டுரைகளை போஸும் சாகாவும் ஆங்கிலத்தில் பெயர்க்க, பல்கலைக்கழகமே அச்சிட்டது. முன்னுரை புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அதே 1920இல் சாகாவின் அயனியாக்கச் சமன்பாடு வந்தது. நட்சத்திரத்தின் நிறமாலையைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் வழி அதிலிருந்துதான் திறந்தது.

இருவரும் இருபதுகளில் இருந்த பையன்கள். முனைவர் பட்டம் பார்த்து ஆள் எடுப்பதென்றால் போஸ் உள்ளேயே வந்திருக்க மாட்டார். கடைசிவரை அவர் முனைவர் பட்டம் வாங்கவில்லை. இன்றைய தகுதி விதிகளை வைத்து 1916இல் ஒரு நேர்முகம் நடத்தினால் அந்த அறைக்குள் யார் நுழைந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

புள்ளியியலும் அங்கேதான். 1941இல் எம்.ஏ. புள்ளியியல் தொடங்கினார்கள், தலைமை மகலனோபிஸ். முதல் அணியிலேயே தங்கப் பதக்கம் வாங்கியவர் சி.ஆர். ராவ், 1943. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டு, ராணுவத்தில் ஒரு கணித வேலைக்கு நேர்முகம் என்று கல்கத்தா வந்தவர். அந்த வேலை கிடைக்கவில்லை, புள்ளியியல் கிடைத்தது. ஒரு புள்ளியியல் மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்று சொல்லும் கிராமர்-ராவ் எல்லை வெளியானது 1945இல், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில். அந்தக் கழகத்தை 1908இல் தொடங்கியவர் யார் தெரியுமா? மறுபடியும் அசுதோஷ்.

#9 மழைத்துளி

இவ்வளவு நேரம் படித்தேன். ஒரு பெண் பெயர்கூட வரவில்லை. கொல்லிமலை அண்ணன் கொடுத்த பட்டியலிலும் இல்லை.

பெண்கள் தேர்வு எழுதலாம் என்று கல்கத்தா 1878இல் ஒப்புக்கொண்டது. 1883இல் பெத்தூன் கல்லூரியிலிருந்து காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் பி.ஏ. பட்டம் வாங்கினார்கள். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத காலம் அது. சந்திரமுகி எம்.ஏ.வும் முடித்து, பெத்தூன் கல்லூரிக்கே முதல்வர் ஆனார். காதம்பினி கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1886இல் மருத்துவரானார். பிறகு எடின்பரோவுக்குப் போய் மேல்படிப்பும் முடித்து வந்து, பிள்ளை குட்டிகளோடு தொழில் நடத்தினார். ஒரு பத்திரிகை அவரது நடத்தையைக் கொச்சைப்படுத்தி எழுதியபோது வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். பத்திரிகை ஆசிரியர் சிறைக்குப் போனார்.

அசீமா சாட்டர்ஜி: 1944இல் கல்கத்தாவின் டி.எஸ்சி., அதாவது அறிவியல் முனைவர் பட்டம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு பெண்ணுக்குக் கொடுத்த முதல் டி.எஸ்சி. மூலிகைகளின் ஆல்கலாய்டுகளில் வாழ்நாள் முழுக்க வேலை செய்து, 1962இல் அதே பல்கலைக்கழகத்தில் கைரா நன்கொடையின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவிக்கு வந்தார்.

விபா சௌதுரி: 1936இல் எம்.எஸ்சி. இயற்பியல், அந்த வகுப்பில் ஒரே பெண். கணக்குப்புலி சார் சொன்ன தேவேந்திர மோகன் போஸோடு சேர்ந்து, மலை உச்சியில் புகைப்படத் தகடுகளை வைத்து காஸ்மிக் கதிர்களில் மெசான் துகள்களைத் தேடினார்கள். முடிவுகள் 1940களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் வந்தன. போர் காரணமாக நல்ல தரமான தகடு கிடைக்கவில்லை, வேலை அங்கேயே நின்றுபோனது. அதே வழியில், மேம்பட்ட தகடுகளோடு இங்கிலாந்தில் செசில் பவல் போய்ச் சேர்ந்தார். 1950இல் அவருக்கு நோபல். இந்தக் கல்கத்தாக்காரர்கள் முன்பே செய்ததை பவல் தன் புத்தகத்தில் குறிப்பிட்டிருக்கிறார். நம் பட்டியல்கள் குறிப்பிடுவதில்லை.

இன்னும் இருவர். பீனா தாஸ் 1932 பிப்ரவரி 6இல் பட்டமளிப்பு விழாவுக்குப் பட்டம் வாங்கப் போனார். வேந்தர் என்ற முறையில் மேடையில் இருந்தவர் வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன், முன்னாள் இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன். பீனா துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு படவில்லை. ஒன்பது ஆண்டு சிறை. சிட்டகாங் புரட்சிக் குழுவின் பிரீதிலதா வாதேதார் பெத்தூன் கல்லூரியில் தத்துவம் படித்தவர். அதே 1932 செப்டம்பரில் பஹார்தலி ஐரோப்பியர் கிளப் தாக்குதலை நடத்திவிட்டு, பிடிபடாமல் இருக்க நஞ்சு அருந்தி இறந்தார். இருவருக்கும் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கொடுத்தது 2012இல், இருவருமே இல்லாதபோது. எண்பது வருடம் ஆயிற்று ஒரு காகிதம் கொடுக்க.

#10 பழையதாள்

மழைத்துளி எழுதியதோடு ஒரு துணுக்கு. பீனா தாஸை அன்று மேடையில் பாய்ந்து மடக்கியவர் வேறு யாருமில்லை, துணைவேந்தர் ஹசன் சுஹ்ரவர்தி. அதற்காக அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ஒரே விழாவில் ஒருத்திக்குப் பட்டம் போனது, ஒருவருக்குப் பட்டம் வந்தது!

நேதாஜி விஷயமும் இப்படித்தான். 1916இல் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட வழக்கில் பிரசிடென்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். விசாரணைக் குழுவின் தலைவர் அசுதோஷ். அடுத்த வருடம் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்து, தத்துவத்தில் முதல் வகுப்பு வாங்கினார். இன்று இரண்டு கல்லூரிகளுமே அவரைச் சொந்தம் கொண்டாடுகின்றன. வெளியேற்றிய கல்லூரிக்கு அந்த உரிமை உண்டா என்று யாராவது கேட்க வேண்டும்.

ராதாகிருஷ்ணன் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1921இல் மைசூரிலிருந்து அவரைக் கூட்டி வந்து ஐந்தாம் ஜார்ஜ் தத்துவப் பேராசிரியர் ஆக்கியதும் அசுதோஷ்தான். உலகம் அவரைக் கவனித்தது இங்கிருந்தபோது. ஆனால் 1929இல் ஜதுநாத் சின்கா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டின் பகுதிகள் 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டிருப்பதாகக் குற்றம் சாட்டினார். ராதாகிருஷ்ணன் மறுத்து, அவதூறு வழக்குப் போட்டார். 1933இல் இரு தரப்பும் சமாதானமாகி வழக்குகள் முடிந்தன.

#11 கொல்லிமலை

பழையதாள் ஐயா, ஆசிரியர் தினம் யார் பிறந்தநாளில் கொண்டாடுகிறோம் என்று தெரிந்துதானே இதை எழுதுகிறீர்கள்? வினாடி வினாவில் வைத்தால் தலைமையாசிரியர் என்னைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்.

#12 பழையதாள்

வினாடி வினாவில் வைக்கச் சொல்லவில்லை தம்பி. நீதிமன்றம் இன்னார் செய்தது சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் பல்கலைக்கழக வரலாறு என்று பேசும்போது ஆய்வாளர் ஒருவர் பேராசிரியரை எதிர்த்து நின்ற கதையை மட்டும் கத்தரித்துவிட்டால், மிஞ்சுவது வாழ்த்து மடல்.

#13 மட்டுறுத்துநர்

சமாதானமான வழக்கை இங்கே மறு விசாரணைக்கு எடுக்க வேண்டாம். தொடருங்கள்.

#14 கணக்குப்புலி

இன்னொரு கோணம். இத்தனை பேரை எடுத்த இடம், எத்தனை பேரை வைத்துக்கொண்டது?

சத்யேன் போஸ் 1921இல் டாக்காவுக்குப் போய்விட்டார். 1924இல் ஐன்ஸ்டீனுக்கு அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை அனுப்பியது டாக்காவிலிருந்துதான், கல்கத்தாவிலிருந்து இல்லை. சாகா 1923இல் அலகாபாத்துக்குப் போனார். ராமன் 1933இல் பெங்களூருக்கு. ராதாகிருஷ்ணன் 1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு. பணம் ஒரு காரணம். 1922இல் அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தருகிறேன், ஆனால் கணக்கு வழக்கில் நாங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றது. அசுதோஷ் பல்கலைக்கழகப் பேரவையான செனட்டில் எழுந்து, சுதந்திரம் முதலில், சுதந்திரம் இரண்டாவதாக, சுதந்திரம் எப்போதும் என்று முழங்கி, அந்தப் பணத்தைத் தட்டிவிட்டார். அடுத்த வருடம் ஆளுநர் லிட்டன் பிரபு நிபந்தனையோடு பதவி நீட்டிப்புக் கொடுத்தபோது அதையும் தட்டிவிட்டுப் போனார். 1924இல் இறந்தும் போனார்.

வீரமான பேச்சுதான், படித்தால் இன்றும் சிலிர்க்கும். ஆனால் சம்பளம் பாக்கி விழுந்த விரிவுரையாளர் அந்தப் பேச்சை எப்படிக் கேட்டிருப்பார் என்றும் யோசிக்கத்தான் தோன்றுகிறது.

#15 ஹௌரா_மெயில்

//எத்தனை பேரை வைத்துக்கொண்டது?//

போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள் சார். சாகா 1938இல் பாலித் பேராசிரியராக, போஸ் 1945இல் கைரா பேராசிரியராக. சாகா இங்கே அணு இயற்பியல் நிறுவனம் கட்டினார். 1952இல் வடமேற்குக் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக நின்று மக்களவைக்கும் போனார்.

போகாமலேயே இருந்தவர் பிரபுல்ல சந்திர ராய். அறிவியல் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். கல்யாணம் கிடையாது. அறுபது வயதுக்குப் பிறகு வந்த சம்பளத்தை அப்படியே பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1944இல் அந்த அறையில்தான் இறந்தார். கல்லூரி இருக்கும் அப்பர் சர்குலர் ரோடுக்கு இன்று அவர் பெயர். ராஜாபஜார் வளாகத்துக்கு ராஷ்பிஹாரி பெயர், பாலிகஞ்ச் வளாகத்துக்கு தாரக்நாத் பாலித் பெயர், காலேஜ் தெரு வளாகத்துக்கு அசுதோஷ் பெயர். பணம் கொடுத்தவர்களையும் இந்த ஊர் மறக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் பீனா தாஸ் சுட்ட அந்தப் பட்டமளிப்பு விழா நடந்த செனட் மாளிகையைத் தேடி யாரும் கிளம்பி வராதீர்கள். தூண்களோடு அவ்வளவு அழகாக இருந்த கட்டடத்தை 1960இல் இடித்துவிட்டார்கள். பௌபஜார் 210இலும் கழகம் இல்லை, ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. அந்த முகவரியில் இப்போது ஒரு வணிகவியல் கல்லூரி நடக்கிறது. ராமன் பார்த்த பழைய வேலைக்கு அதுதான் பொருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

#16 வட்டுக்கோட்டையான்

தாகூர் என்னவானார்? அவரைப் பட்டியலில் விடுவதா, எடுப்பதா?

#17 பழையதாள்

பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். 1913இல் இதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1930களில் கொஞ்ச காலம் வங்காளப் பேராசிரியர் என்றும் வைத்துக்கொண்டது. 1937இல் பட்டமளிப்பு உரையை வங்காளத்தில் பேசினார். அதுவரை அந்த மேடையில் ஆங்கிலம்தான். அப்போது துணைவேந்தர் அசுதோஷின் மகன் சியாமா பிரசாத். என் கணக்கில் தாகூரை "ஆசிரியர்" வரிசையில் தாராளமாக வைக்கலாம், "மாணவர்" வரிசையில் வைத்தால் ஆட்சேபம் எழும். ரொனால்ட் ராஸை இரண்டிலும் வைக்க வேண்டாம். அவர் 1898இல் கல்கத்தாவில் ராணுவ மருத்துவராக ஆராய்ச்சி செய்தார், அவ்வளவே.

சென், பானர்ஜி விஷயத்தில் கவலையே வேண்டாம். அவர்கள் படித்தபோது பிரசிடென்சி கல்கத்தாவின் இணைப்புக் கல்லூரி. பட்டச் சான்றிதழில் கல்கத்தா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும்.

#18 வைகைக்கரை

தேறாதவர்களை வைத்து ஒரு பட்டியல் போட்டால் இன்னும் சுவையாக இருக்கும் போலிருக்கிறதே. எழுத்தாளர் நீரத் சௌத்ரி பி.ஏ. ஹானர்ஸ் வரலாற்றில் முதலிடம், எம்.ஏ.வில் கோட்டை விட்டார். பிறகு ஆங்கில உரைநடையில் வெள்ளைக்காரனுக்கே பாடம் எடுத்தார். பங்கிமின் கருணை மதிப்பெண்ணையும் இதோடு சேர்க்கலாம்.

#19 மழைத்துளி

நல்ல யோசனை. காதம்பினியையும் சேருங்கள். மருத்துவக் கல்லூரித் தேர்வில் அவரை ஒரு தாளில் தேற்றவில்லை, அதனால் எம்.பி. என்ற மருத்துவப் பட்டம் கிடைக்காமல் வேறு சான்றிதழோடுதான் தொழிலுக்கு வந்தார்.

#20 மட்டுறுத்துநர்

தோற்றவர்கள் பட்டியலுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அங்கே சென்னை, பம்பாய் ஆட்களையும் கொண்டு வாருங்கள். முதல் பதிவை வைகைக்கரை போடட்டும்.